பிள்ளைக்குப் பூப்பெயரா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பூவின் பெயராகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு வரும் இளம் பெற்றோர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தக் காலத்தில் நாங்கள் வைத்திருந்த மாதிரியே, அதே தவறுகளோடு. கூப்பிடச் சுலபமாக இருக்கணும், கேலிக்கு இடம் தரக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

பட்டியல் சொல்லும் பொருளை நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எந்தப் பூவுக்கும் 'மென்மையானவள், அழகானவள்' என்றே போட்டிருப்பார்கள். தெரிந்த குடும்பம் ஒன்று மகளுக்கு ஆம்பல் என்று பெயர் வைத்தது. அருமையான பெயர், ஆனால் பட்டியலில் 'தாமரை' என்று இருந்ததை நம்பி அழைப்பிதழ் முழுக்க இளஞ்சிவப்புத் தாமரையை அச்சடித்துவிட்டார்கள். ஆம்பல் என்பது அல்லி. தாமரை இலை நீருக்கு மேலே எழுந்து நிற்கும், விளிம்பில் பிளவு இருக்காது; அல்லி இலை நீரோடு ஒட்டி மிதக்கும், விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை காலையில் விரியும், வெள்ளாம்பல் இரவில் மலரும், அதனால்தான் புலவர்கள் அதை நிலவோடு சேர்த்துப் பாடினார்கள். நிலவின் கதை கேட்டு வளர வேண்டிய பிள்ளைக்குச் சூரியனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

சங்கப் பாடல்களில் பூ வெறும் அழகுக்கு வருவதில்லை. முல்லை என்றால் நம்பிக்கையோடு காத்திருத்தல், நெய்தல் என்றால் பிரிவில் இரங்கல், வெட்சி சூடினால் ஆநிரை, அதாவது பகைவரின் பசுக்கூட்டம், கவரப் போகிறார்கள், தும்பை சூடினால் நேருக்கு நேர் போர், வாகை என்றால் வெற்றி. இவ்வளவையும் 'அழகானவள்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் எப்படி?

நஞ்சு என்று கேட்டதும் காந்தளை ஒதுக்குவது

கிழங்கில் கடும் நஞ்சு உண்டு, உண்மைதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவதும், பெண்களின் விரலுக்கு உவமையானதும், தமிழ்நாட்டின் மாநில மலரும் அதே செங்காந்தள்தான். இரண்டையும் தெரிந்துகொண்டு வைப்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பூப்பெயர் பெண்ணுக்குத்தான் என்பது

தாமரைச்செல்வன், முல்லைவேந்தன், கடம்பன்.

ஆங்கில எழுத்தைத் தள்ளிப்போடுவது

தாழையின் ழகரத்துக்கு எந்த எழுத்து என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லாச் சான்றிதழிலும் அதையே போடுங்கள்.

பூவைக் காட்டாமலே வளர்ப்பது

முல்லை என்றால் ஒரு தொட்டி போதும். குறிஞ்சி என்று வைத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் மலைச்சரிவு நிறையப் பூக்கும். மூணாறு பக்கம் 2006-இல் பூத்தது, அப்புறம் 2018-இல், அடுத்தது 2030. இப்போதே குறித்து வையுங்கள்.