ஸ்ட்ராடோஸ்பியர் வாயுவ அளக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ராஜெக்ட் சீசன் வந்தா சேலம் சுத்துவட்டார எம்எஸ்சி பிள்ளைங்க சிலர், இன்டர்ன்ஷிப் போன ஸ்டேஷன்லேருந்து எஃப்டிஐஆர் ஸ்பெக்ட்ரம் (சூரிய ஒளிய இன்ஃப்ராரெட்ல அலைவாரியா பிரிச்ச பதிவு, அதுல ஒவ்வொரு வாயுவும் தனக்குன்னு கோடு போடும்) வாங்கிட்டு எங்கிட்ட வர்றாங்க. வருஷா வருஷம் ஒரே இடத்துலதான் வழுக்கறாங்க. டிடெக்டர்ல லிக்விட் நைட்ரஜன் தீந்தது, மேகம் வந்தும் ஸ்கேன் ஓடினது, இதையெல்லாம் இங்க எழுதல, ஸ்பெக்ட்ரத்த பாத்தாலே தெரிஞ்சுடும். வெளிய தெரியாம ரிசல்ட்டையே மாத்தறத மட்டும் சொல்றேன்.

மலை ஏறினா ஸ்ட்ராடோஸ்பியர் கிட்ட வந்துடாது

ஏற்காட்டுல கருவி வெச்சா மேல் வாயுமண்டலம் நல்லா தெரியும்தானேங்கன்னு கேக்கறாங்க. நம்ம ஊருக்கு நேர் மேல ட்ரோபோபாஸ், அதாவது ஸ்ட்ராடோஸ்பியர் ஆரம்பிக்கற எல்லை, 16, 17 கிலோமீட்டர்ல இருக்கு, கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி சேர்வராயன் கோயில் வரைக்கும் போனாலும் அதுல பத்துல ஒரு பங்குதான் ஏறியிருப்போம். லாபம் வேற எடத்துல இருக்கு. நீராவி நிறைய கீழயே தங்கிடும், இன்ஃப்ராரெட்ல மத்த வாயுவோட கோட்ட மறைக்கறதுல முக்கியமான ஆளே அதுதான். ஆனா மலையில மூடுபனி இறங்கிடுச்சுன்னா சூரியனே கிடைக்காது, அதையும் யோசிச்சுக்கங்க.

ரெசல்யூஷன் பத்தாத கருவி

வேவ்நம்பர்ங்கறது ஒரு சென்டிமீட்டர்ல எத்தன அலைங்கற கணக்கு. அரை வேவ்நம்பர் வரைக்கும்தான் பிரிக்கற கருவி மீத்தேன் மொத்த அளவுக்கு போதும். உயரவாரியா, அதாவது ப்ரொஃபைலா, கேட்டா வராது.

கேஸ் செல் ஓட்டாம ப்ரொஃபைல் எடுக்கறது

இதுலதான் எனக்கு இன்னமும் கோவம் வருது. கேஸ் செல்லுங்கறது கருவிய சோதிக்கற வாயுக் குப்பி, விவரம் கீழ சொல்றேன். தரையில நின்னு சூரியன பாக்கறப்ப எந்த மூலக்கூறு எந்த உயரத்துல இருக்குன்னு நேரா தெரியாதுங்க, கோட்டோட வடிவத்த வெச்சுத்தான் பிரிக்கறோம், கீழ அழுத்தம் ஜாஸ்தி அதனால கோடு அகலம், மேல அழுத்தம் கம்மி அதனால ஒல்லி. ஹைட்ரஜன் குளோரைடுக்கு 2926 வேவ்நம்பர் பக்கத்துல ஒரு கோடு இருக்கு. தரை அழுத்தத்துல அதோட அகலம் சுமார் 0.1 வேவ்நம்பர், 20 கிலோமீட்டருக்கு மேல 0.01க்கும் கீழ போயிடும். நம்ம கருவியோட ரெசல்யூஷனே 0.005 பக்கம். அளக்கற பொருளும் கருவியும் கிட்டத்தட்ட ஒரே அகலம்னா, உள்ள ஒரு கண்ணாடி லேசா நகந்தாலே கோடு தடிச்சுடும். அது கருவிக் கோளாறுன்னு சாஃப்ட்வேருக்கு எப்படி தெரியும்? அழுத்தம்னு எடுத்துக்கிட்டு வாயுவ கீழ் உயரத்துக்கு தள்ளிடும். மொத்த அளவு பல சமயம் பெருசா மாறாது, அதனால யாருக்கும் சந்தேகமும் வராது.

அஸ்தம்பட்டி வீட்டுக்கு ஒரு பையன் கிராஃபோட வந்தான், நல்ல கெட்டிக்காரன். ஸ்ட்ராடோஸ்பியரோட கீழ்ப்பகுதியில ஹைட்ரஜன் குளோரைடு கூடுது, காத்து சுழற்சி மந்தமாயிடுச்சு சார்னான். அப்படி ஒரு சங்கதி நிஜமாவே உண்டு, 2007க்கு அப்புறம் வட அரைக்கோளத்துல கூடினத 2014ல நேச்சர் இதழ்ல போட்டாங்க, ஆனா அதுல சுவிட்சர்லாந்து மலை மேல இருக்கற யுங்ஃப்ராவ்யோக் மாதிரி பல ஸ்டேஷனும் சேட்டிலைட்டும் ஒரே கதைய சொல்லுச்சு. இவன்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஸ்டேஷன். லாக் புக்க அனுப்பச் சொல்லி பாத்தா, கிராஃப் எந்த வாரம் ஏற ஆரம்பிக்குதோ அதே வாரம் கருவிய வேற ரூமுக்கு மாத்தியிருக்காங்க, அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு செல் அளவே எடுக்கல. அந்த இடைவெளிக்கான டேட்டாவுலேருந்து ப்ரொஃபைல் எடுக்க வழியில்ல, பையனோட தீசிஸ்ல ஒரு அத்தியாயமே போச்சு. அந்த ஸ்டேஷன்காரங்க மாசம் ஒரு தடவ லேம்ப் போட்டு செல் வழியா ஒரு அளவு எடுத்திருந்தா போதும்.

செல்லுங்கறது ஒரு சின்ன கண்ணாடிக் குப்பி, உள்ள குறைஞ்ச அழுத்தத்துல ஹைட்ரஜன் புரோமைடு அடைச்சிருக்கும். அழுத்தம் கம்மிங்கறதால கோடு எவ்வளவு ஒல்லியா வரணும்னு முன்னாடியே கணக்கு தெரியும், அதுக்கு மேல தடிச்சா அது கருவியோட தப்பு. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளி நிறுக்கறவர் படிக்கல்ல வெச்சு தராச சரிபாக்கற மாதிரிதான். அந்த ஸ்பெக்ட்ரத்த லைன்ஃபிட்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டா மாடுலேஷன் எஃபிஷியன்சி, அதாவது கருவி எவ்வளவு ஒழுங்கா அலைன் ஆயிருக்குங்கற அளவு, வரும், ஒண்ணுக்கு பக்கத்துல இருந்தா நிம்மதி. பத்து சதவீதம் இறங்கிடுச்சுன்னா அலைன்மென்ட்ட பாருங்க.

சூரிய ஸ்பெக்ட்ரத்துலேருந்தே கருவியோட கோட்டு வடிவத்தையும் சேத்து எடுத்துடலாமேன்னு கேப்பாங்க. ஓரளவு முடியும், ஆனா கோட்டு வடிவமும் உயரப் பங்கீடும் ஒரே கோட்டுல மாறி மாறி ஒளிஞ்சுக்கும், எது எதுன்னு பிரிக்க ஆதாரம் இருக்காது. வேற வேற வாயுவோட ரெசிடுவல்ல (அளந்த ஸ்பெக்ட்ரத்துலேருந்து கணக்குப் போட்டத கழிச்சா மிஞ்சறது) எல்லாம் கோட்டு நடுவுல ஒரே மாதிரி நெளிவு வந்தா வாயுவ தேடாதீங்க, கருவிய தேடுங்க.

ப்ரையர

மாசாமாசம் மாத்தாதீங்க. ப்ரையர்ங்கறது வாயு எந்த உயரத்துல எவ்வளவு இருக்கும்னு சாஃப்ட்வேருக்கு முன்கூட்டியே குடுக்கற ஊகம். மாத்தினா நீங்க போட்ட சீசனே ரிசல்ட்டா திரும்பி வரும்.

சேட்டிலைட்டோட நேரா கழிக்கறது

2003ல ஏவின சைசாட் சேட்டிலைட்ல இருக்கற ஏஸ் கருவி வாயுமண்டலத்து விளிம்பு வழியா சூரியன பாக்குது, உயரத்துல 3, 4 கிலோமீட்டர் வரைக்கும் பிரிக்கும். நம்ம தரைக் கருவியில ஹைட்ரஜன் குளோரைடுக்கு ரெண்டு மூணு அடுக்குதான் தனியா தெரியும். அதனால சேட்டிலைட் ப்ரொஃபைல நம்ம ஆவரேஜிங் கெர்னல் (நம்ம கருவிக்கு எந்த உயரம் எவ்வளவு தெரியுதுங்கற கணக்கு) வழியா ஓட்டி அதே அளவுக்கு வழுவழுப்பாக்கிட்டு, அப்புறமா கழிங்க.