மைட்டோகாண்ட்ரியாவுக்கு மாத்திரை வாங்கும் முன்

போன மாதம் சித்தப்பா ஒரு டப்பாவை நீட்டினார். "செல்லுக்குள்ள பிடிச்ச துருவை எடுக்குமாம்டா, பாரு." முன்பக்கம் பெரிதாக, செல்லுக்கு எரிசக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் கோஎன்சைம் கியூ10, 100 மில்லிகிராம். அந்தத் துருவை, அதாவது ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் பொருள் அது.

பலரும் சறுக்குவது இங்கேதான். சாதாரண கியூ10 மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போகும் மருந்து அல்ல. எண்ணெயில் மட்டும் கரையும் பொருள், குடலில் சரியாக ஏறாது. ஏறியதும் கண்ட இடத்தில் தங்கும். தேடிப் போவது மைட்டோகியூ என்கிற வேறொரு மூலக்கூறு. 1990-களின் கடைசியில் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மர்ஃபியும் ராபின் ஸ்மித்தும் உருவாக்கியது. கியூ10-இன் வேலை செய்யும் தலையை மட்டும் எடுத்து, பத்து கார்பன் நீளச் சங்கிலியின் மறுமுனையில் ட்ரைஃபினைல்பாஸ்போனியம் என்ற நேர்மின் துண்டைக் கட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் வெளியைவிட 150 முதல் 180 மில்லிவோல்ட் வரை எதிர்மின்னாக இருக்கும். ஏறத்தாழ 60 மில்லிவோல்ட்டுக்கு ஒரு முறை, உள்ளே சேரும் அளவு பத்து மடங்காகும். கணக்குப் போட்டால் வெளியே இருப்பதைவிட உள்ளே பல நூறு மடங்கு. கொழுப்புச் சவ்வைக் காக்கும் வேலையில் தீர்ந்துபோன மூலக்கூறை மைட்டோகாண்ட்ரியாவே மறுபடி சார்ஜ் செய்துவிடும். அழகான வடிவமைப்பு, சந்தேகமில்லை.

சரி, போய்ச் சேர்ந்துவிட்டால் நோய் குணமாகிவிடுமா? அப்படி நினைப்பது அடுத்த தவறு. பார்கின்சன் நோயாளிகள் 128 பேருக்குத் தினம் 40 அல்லது 80 மில்லிகிராம் மைட்டோகியூ, அல்லது வெற்று மாத்திரை, ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவு: நோய் முற்றும் வேகத்தில் வித்தியாசமே இல்லை. விளம்பரக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் காட்டுவது 2018-இல் கொலராடோவிலிருந்து வந்த ஆய்வை. 60 முதல் 79 வயதுக்குட்பட்ட 20 பேர், தினம் 20 மில்லிகிராம், ஆறு வாரம். ரத்தக்குழாய் விரியும் திறன் 42 சதவீதம் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் இருபதே பேர். அளந்தது குழாயின் விரிவை, மாரடைப்பை அல்ல.

"அளவைக் கூட்டினால் பலன் கூடும்" என்பது இன்னும் மோசம். அந்த நேர்மின் வால் அதிகம் சேர்ந்தால், தன்னை உள்ளே இழுத்த மின்னழுத்தத்தையே அது குறைத்துவிடும். செல்லின் எரிசக்தி வேலை கெடும். அதனால்தான் ஆய்வகத்தில் கியூ தலை இல்லாத வெறும் வாலை, செல்கள் வளரும் இன்னொரு தட்டில் போட்டு ஒப்பிட வேண்டும். அந்தத் தட்டை விட்டுவிட்டு, தெரிந்த மாற்றத்தையெல்லாம் ஆன்டிஆக்சிடன்ட் கணக்கில் எழுதினால் அந்த முடிவை நம்ப முடியாது.

அப்புறம், சேதம் செய்யும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் எப்போதுமே எதிரி என்ற நினைப்பு. உடற்பயிற்சியின்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் சிறு அளவு, உடலைப் பழக்கும் சமிக்ஞையும் கூட. 2009-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் இளைஞர்கள் நான்கு வாரம் பயிற்சி செய்தார்கள். ஆன்டிஆக்சிடன்ட்களான வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் இ 400 யூனிட்டும் தினம் விழுங்கியவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் வர வேண்டிய முன்னேற்றம் வரவில்லை. விழுங்காதவர்களுக்கு வந்தது. இவை மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைத்தவை அல்ல என்பதும் உண்மை. ஆனாலும் ஜிம்முக்குப் போகிற வழியில் கைநிறைய மாத்திரை போடுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

சித்தப்பா விஷயத்தில் இவ்வளவு தூரம் போகத் தேவையே இருக்கவில்லை. இதய வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர். கியூ10 அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும், ரத்தம் உறைந்தால் வால்வுக்கே ஆபத்து. "டாக்டர்கிட்ட கேட்டீங்களா சித்தப்பா?" என்றேன். "இது மருந்தில்லையேடா, சத்து மாத்திரைதானே" என்றார். இப்போது டப்பா, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைச் சீட்டுகளோடு சேர்த்து, அடுத்த செக்கப்புக்கு எடுத்துப்போகும் மஞ்சப்பையில் இருக்கிறது.