குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல்: முதல் நாளில் இருந்து மூன்றாம் வாரம் வரை என்ன செய்வது

நேற்று வரை ஓடித் திரிந்த குஞ்சு இன்று காலையில் ஓரமாகக் குறுகி நிற்கிறது. இறக்கை தொங்கி, இறகு சிலிர்த்து, பந்து போல உருண்டிருக்கிறது. தீவனத் தட்டைத் தட்டினால் மற்றவை பாய்ந்து வருகின்றன. இது மட்டும் கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டுக் கழுத்தை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கீழே குனிந்து பார்த்தால் உமியில் சிவப்பாக ஒரு திட்டு. குஞ்சுக்கு வயது மூன்று வாரத்தில் இருந்து ஆறு வாரத்துக்குள் என்றால், பெரும்பாலும் அது ரத்தக் கழிச்சல்தான். கால்நடை மருத்துவர்கள் காக்சிடியோசிஸ் என்பார்கள்.

இதற்கு மருந்து உண்டு, விலையும் குறைவு. ஆனாலும் மருந்து கொடுத்த பிறகும் குஞ்சுகள் சாவதற்குக் காரணம் பல நேரம் மருந்து அல்ல, காலடியில் கிடக்கும் ஈரக் கூளம். அதனால் இங்கே மருந்துக்கு எவ்வளவு இடமோ, கூளத்துக்கும் அவ்வளவு இடம்.

இது அதுதானா என்று பார்ப்பது

இரவில் கூண்டுத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். உமியில் கலந்து கிடந்தால் ஒன்றும் புரியாது.

புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி பயப்படுவது காப்பி நிறத்தில் கொழகொழவென்று, கடும் நாற்றத்தோடு வரும் எச்சத்தைப் பார்த்து. அது நோய் இல்லை. குடல்வாலில் இருந்து வருவது. நல்ல கோழியும் பத்து முறை எச்சமிட்டால் ஒரு முறை அப்படித்தான் போடும். பீட்ரூட், தர்ப்பூசணித் தோல் தின்ற குஞ்சின் எச்சமும் சிவப்பாக இருக்கும். சந்தேகம் இருந்தால் குச்சியால் கிளறிப் பாருங்கள். ரத்தக் கழிச்சலில் ரத்தம் புதிதாக, சளியோடு சேர்ந்து இருக்கும். முற்றிய நிலையில் எச்சமே இல்லாமல் ரத்தம் மட்டும் வரும். கொண்டையும் காலும் வெளுத்துவிடும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்தைத் திருகிக்கொண்டால் அது வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட். அது வைரஸ் நோய், கீழே சொல்லும் மருந்து அதில் எதுவும் செய்யாது. பொரித்த முதல் இரண்டு வாரத்துக்குள் ஆசனவாயில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாகும் குஞ்சுகளுக்கும் காரணம் வேறு.

ஒன்று கவனம்: ரத்தம் தெரியாமலும் இந்த நோய் வரும். ஐமீரியா என்ற இந்த ஒட்டுண்ணியில் கோழியைத் தாக்குபவை ஏழு வகை. ரத்தம் கொட்ட வைக்கும் டெனெல்லா வகை குடல்வாலில் இருக்கிறது. மேல்குடலில் இருக்கும் வகைகள் தண்ணீராகவும் சளியாகவும் கழிய வைக்கும், குஞ்சு தின்றும் எடை ஏறாது. இந்த நிலையில் எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

குஞ்சு செத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் வைத்து எடுத்துப் போவது இன்னும் நல்லது. ஃப்ரீசரில் உறைய வைத்தால் குடல் சிதைந்து எதுவும் தெரியாது. அறுத்துப் பார்க்கும்போது சிறுகுடல் முடிகிற இடத்தில் இரண்டு விரல் போலப் பிரியும் குடல்வால் வீங்கி, கருஞ்சிவப்பாக, உள்ளே ரத்தக் கட்டியோடு இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நோய் சுற்றி வரும் விதம்

நோயுற்ற குஞ்சின் எச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி முட்டைகள் லட்சக்கணக்கில் வெளியேறும். வெளியே வந்த உடனே அவை நோய் தராது. ஈரம், காற்று, 25 முதல் 30 டிகிரி வெப்பம் மூன்றும் கிடைத்தால் ஒன்று அல்லது இரண்டு நாளில் பக்குவப்படும். அதைக் கொத்தித் தின்ற குஞ்சின் குடலில் நான்கு முதல் ஏழு நாளில் ஒரு சுற்று முடிந்து, மறுபடியும் எச்சத்தில் முட்டை. நம் ஊர் மழைக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான நோய் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைத்து வைத்த குஞ்சுகள் கொத்துக் கொத்தாக விழுவது இதனால்தான்.

இதில் நமக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. எச்சத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் அது வெறும் எச்சம். இரண்டு நாள் விட்டால் அது விதை.

முதல் மணி நேரம்

நோயுற்றவற்றைத் தனி அட்டைப்பெட்டியில் விடுங்கள். அடியில் செய்தித்தாள், மேலே ஒரு பல்ப். ரத்தம் இழந்த குஞ்சு குளிரில்தான் முதலில் சாகும். பெட்டிக்குள் 30 டிகிரி வெப்பம் வேண்டும், அதற்கு 60 வாட் குண்டு பல்ப் சரியாக இருக்கும். எல்.இ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. பெட்டியின் ஒரு பாதி சூடாகவும் மறு பாதி ஆறியும் இருந்தால் குஞ்சே தனக்கு வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் மருந்து அந்தப் பெட்டிக்கு மட்டும் இல்லை. ஒன்று கழிந்தால் கூட இருப்பவை எல்லாம் தின்றிருக்கும். மொத்தக் கூட்டத்துக்கும் கொடுக்க வேண்டும்.

மருந்தும் அளவும்

முதலில் கையில் எடுக்க வேண்டியது ஆம்ப்ரோலியம். கால்நடை மருந்துக் கடைகளில் 20 சதவீதப் பொடியாகக் கிடைக்கும், சில இடங்களில் 9.6 சதவீதத் திரவமாகவும் கிடைக்கும். பாக்கெட்டில் சதவீதத்தைப் படிக்காமல் ஸ்பூன் கணக்கில் போடாதீர்கள்.

முதல் 5 நாள்: லிட்டர் தண்ணீருக்கு 20 சதவீதப் பொடி 1.2 கிராம், அல்லது 9.6 சதவீதத் திரவம் 2.5 மில்லி.
அடுத்த 7 முதல் 14 நாள்: லிட்டருக்குப் பொடி 0.3 கிராம், அல்லது திரவம் 0.6 மில்லி.

நகைத் தராசு இல்லையா? 30 கிராம் பாக்கெட்டைச் சுத்தமான காகிதத்தில் கொட்டி, கத்தி முனையால் நீளவாக்கில் பரப்பி ஐந்து சம பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு 6 கிராம். அதை மறுபடி ஐந்தாகப் பிரித்தால் ஒன்று 1.2 கிராம், ஒரு லிட்டருக்கு. இரண்டாம் கட்டத்தில் அதே சிறு பங்கை நான்கு லிட்டரில் கரைத்தால் 0.3 கிராம் கணக்கு வந்துவிடும். கண் அளவில் கொஞ்சம் முன்பின் ஆவதை இந்த மருந்து தாங்கும். ஈரம் படாமல் மடித்து வையுங்கள்.

நாலு வாரக் குஞ்சு இருபதுக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆகும், வெயிலில் இன்னும் கூடும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்குங்கள், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். முக்கியமானது: மருந்துத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் எங்கும் இருக்கக் கூடாது. குழாயடி, செடிக்கு விட்ட பள்ளம், மாட்டுத் தொட்டி எதுவும். மருந்து தோற்ற இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தீவனத்தில் கலக்காமல் தண்ணீரில் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நோயுற்ற குஞ்சு தின்பதை நிறுத்திவிடும், குடிப்பதை அவ்வளவு சீக்கிரம் நிறுத்தாது. குடிக்கவும் முடியாமல் சோர்ந்தவற்றுக்கு ஊசி போடாத சிரிஞ்சில் அதே தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய், கழிச்சலுக்குத் தப்பியது நம் கையில் சாகும்.

இந்த மருந்து கொடுக்கும் நாள் முழுவதும் பி காம்ப்ளக்ஸ் டானிக் வேண்டாம். ஆம்ப்ரோலியம் பார்ப்பதற்கு பி1 வைட்டமின் போலவே இருக்கும். ஒட்டுண்ணி அதை வைட்டமின் என்று நினைத்து எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறது. நாம் நிஜ பி1-ஐயும் கலந்து கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. கடைக்காரர் மருந்தோடு டானிக்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், அதைச் சிகிச்சை முடியும் வரை எடுத்து வையுங்கள். பிறகு தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆம்ப்ரோலியம் ஒட்டுண்ணியின் ஆரம்பக் கட்டத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். நோய் கடுமையாகப் போய்விட்டால் மருத்துவர் டோல்ட்ராசுரில் எழுதுவார்: 2.5 சதவீதத் திரவம், லிட்டருக்கு 1 மில்லி, தொடர்ந்து 2 நாள். எல்லாக் கட்டத்தையும் தாக்கும், விலை அதிகம். முட்டையிடும் கோழிக்கும், சீக்கிரம் முட்டைக்கு வரப்போகும் பெட்டைக்கும் கொடுக்கக் கூடாது. கறிக்கு அறுப்பதற்கு முன் லேபிளில் உள்ள நாள் கணக்கு முடிந்திருக்க வேண்டும். சல்ஃபா மருந்துகளும் கேட்கும், ஆனால் அளவு கூடினால் அவையே ரத்தக் கசிவை உண்டாக்கும். மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரையை உடைத்துப் போடுவதும், கண்ணில் பட்ட ஆன்டிபயாட்டிக்கைக் கலப்பதும் வீண். காக்சிடியா என்னும் இந்த ஒட்டுண்ணி பாக்டீரியா இல்லை.

மஞ்சளும் பூண்டும் வேப்பிலையும் கொடுப்பவர்கள் கொடுங்கள், கெடுதல் இல்லை. ரத்தம் தெரிந்த பிறகு அதை மட்டும் நம்பி இரண்டு நாள் காத்திருப்பதுதான் கெடுதல். டெனெல்லா வகை அந்த இரண்டு நாளுக்குள் வேலையை முடித்துவிடும்.

கூளம்

மருந்து தொடங்கும் அதே நாளில் பழைய கூளம் முழுவதையும் அள்ளிச் சாக்கில் கட்டி, குஞ்சுகள் போகாத இடத்தில் மட்க விடுங்கள். தரையில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கழுவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் இரண்டும் இந்த முட்டையின் கெட்டியான ஓட்டைத் தாண்டாது. கொதிநீர், தீ, உலர்வு மூன்றுக்கும்தான் அது பயப்படும். சிமெண்ட் தரையாக இருந்து கேஸ் ஃபிளேம் கன் கிடைத்தால் ஒரு சுற்று காட்டலாம். கூரையும் உமியும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு. பிறகு தரை முழுதாகக் காய வேண்டும். ஈரத் தரையில் புது உமியைப் போட்டால் பட்ட பாடு அத்தனையும் போச்சு.

புது நெல் உமி இரண்டு அங்குல உயரத்துக்கு. சிகிச்சை நடக்கும் வாரத்தில் தினமும் தண்ணீர்க் குடுவையைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு அள்ளி மாற்றுங்கள். ஈரமும் எச்சமும் சேரும் இடம் அதுதான். குடுவையைச் செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வைத்தால் சிந்தல் பாதி குறையும். தீவனத் தட்டில் ஏறி நின்று எச்சமிடுகின்றனவா என்றும் பாருங்கள்.

கூளம் எப்படி இருக்கிறது என்று கையே சொல்லும். ஒரு பிடி எடுத்து இறுக்கி விரலைத் திறங்கள். கொழுக்கட்டை போல நின்றால் ஈரம் அதிகம். உதிர்ந்து விழுந்தால் நல்லது.

சுண்ணாம்பு தூவ விரும்பினால் நீற்றிய சுண்ணாம்பை வெறும் தரையில் தூவி, ஒரு நாள் விட்டு, மேலே உமி போடுங்கள். குஞ்சு நிற்கும்போது தூவினால் கண்ணும் காலும் புண்ணாகும்.

எப்போது தெளியும், எப்போது தெளியாது

மருந்து தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தம் குறையத் தொடங்கும். முதல் இரண்டு நாளில் ஒன்றிரண்டு சாவது மருந்தின் குற்றம் அல்ல, குடல் அதற்கு முன்பே கிழிந்திருக்கும். இந்த நாட்களில் தீவனத்தை மருந்துத் தண்ணீரில் பிசைந்து கொஞ்சமாக வையுங்கள், ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். புளித்தால் வேறு கழிச்சல் வரும். ராணிக்கெட் தடுப்பூசி நாள் இந்த வாரத்தில் வந்தால் மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப் போடுங்கள்.

மூன்றாம் நாளும் மாற்றம் இல்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். அளவு சரியா? வேறு தண்ணீர் எங்காவது குடிக்கின்றனவா? மருந்து காலாவதி ஆனதா? மூன்றும் சரி என்றால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது புண்ணான குடலில் பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். அது மருத்துவரின் வேலை.

பிழைத்த குஞ்சுக்கு அதே வகைக்கு எதிராக எதிர்ப்பு உருவாகும், வேறு வகைக்கு உருவாகாது. பெரிய கோழிகள் நோய் காட்டாமலே எச்சத்தில் முட்டையைப் பரப்பும் என்பதால், பஞ்சாரத்தில் தாயோடு இருக்கும் குஞ்சுகளை எட்டு வாரம் வரை மற்ற கோழிகள் மேயும் இடத்தில் விடாமல் இருப்பது நல்லது. பஞ்சாரத்தையும் தினமும் இடம் மாற்றி, காய்ந்த மண்ணில் கவிழ்த்து வையுங்கள்.

அடுத்த தொகுதிக்குக் காக்சிடியா தடுப்பு மருந்து கலந்த ஸ்டார்ட்டர் தீவனம் வாங்குவதாக இருந்தால் மூட்டையின் சீட்டைப் படியுங்கள். அதில் சாலினோமைசின் என்று இருந்தால், கூடவே வளரும் வான்கோழிக்கு ஒரு பிடி கூட வைக்கக் கூடாது. அதற்கு அது விஷம்.