வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

மழைக்கு மேல்தளம் ஒழுகுகிறது, சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டதற்கு எங்கள் ஹவுஸ் ஓனரிடமிருந்து பதிலாக வந்தது ஒரு வக்கீல் நோட்டீஸ். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டுமாம். அந்தச் சிக்கலிலிருந்து எப்படி மீண்டோமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம்தான் அடிப்படை.

முதலில், நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தாலும் அது உங்களிடம் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தபால் முத்திரை உள்ள உறையைத் தூக்கிப் போடாதீர்கள், நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம். பயப்படவும் வேண்டாம். நோட்டீஸ் என்பது உத்தரவு அல்ல. வாடகை நீதிமன்றம் உத்தரவு போடாமல் உங்கள் சாமானை வெளியே வைக்கவோ வீட்டைப் பூட்டவோ யாருக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்து, காரணம் என்னவென்று பாருங்கள். சட்டத்தின் 21-வது பிரிவில் உள்ள காரணங்களுக்கு மட்டுமே காலி செய்யச் சொல்லி வழக்குப் போட முடியும். இரண்டு மாத வாடகை பாக்கி என்றால், நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிடுங்கள். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லை என்பதும் ஒரு காரணம்தான். ஒப்பந்தம் இருந்தால் அது வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் வாங்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்புக்கு நியமித்திருப்பார்.

எங்களைத் திணற வைத்தது அடுத்த கட்டம். நோட்டீஸ் அனுப்பிய கையோடு ஓனர் வாடகை வாங்குவதை நிறுத்திவிட்டார். “காலி பண்ணுங்க, வாடகை வேணாம்” என்றார். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு மாதம் போனால் நீங்கள் பாக்கிக்காரர், அவர் கையில் வலுவான ஒரு காரணம் வந்துவிடும். அதனால் ஒரு மாதம்கூட விடக்கூடாது. வங்கிக் கணக்கு எண் தெரிந்தால் நெஃப்ட்டில் அனுப்பி, குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். இல்லையென்றால் மணியார்டர். ஒரு மணியார்டருக்கு உச்சவரம்பு உண்டு, வாடகை அதற்கு மேல் என்றால் பிரித்து அனுப்புங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். இப்படித் தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால், அதன் பிறகு வாடகையை வாடகை அதிகாரியிடமே செலுத்தலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்புக்கு நியமித்திருப்பார்.

கையில் ரொக்கமாகக் கொடுப்பதை நான் அறவே ஏற்க மாட்டேன். ரசீது தராத ஓனர்கள்தான் அதிகம்.

இனி ஒழுகல். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, குழாய் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பது எல்லாம் ஓனர் பொறுப்பு. டேப், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஓனர் செய்ய வேண்டியதைச் செய்ய மறுத்தால் நாமே சரிசெய்து வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் கேட்டதோடு நிறுத்தாமல் கடிதமாக அனுப்புங்கள். நீர்க்கறை படிந்த சீலிங்கின் போட்டோ, கொத்தனார் பில் இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி விரட்டப் பார்த்தால் அன்றே வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

நோட்டீஸுக்குப் பதில் சுருக்கமாக இருக்கட்டும்: வாடகை கட்டிய தேதிகள், பழுது பற்றிய கடிதத்தின் தேதி, காலி செய்ய மறுக்கும் காரணம், அவ்வளவே. கோபத்தை அதில் கொட்டாதீர்கள், அது நாளை கோர்ட்டில் வாசிக்கப்படும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது.

பின்சேர்க்கை: பழுது பற்றிய கடிதத்தையும் நோட்டீஸுக்கான பதிலையும் பதிவுத் தபாலில் அனுப்பப் போனால், அது கவுண்டரில் இல்லை என்கிறார்களே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2025-ல் அது ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்டிலேயே பதிவு வசதியும் சேர்த்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.