திருகோணமலைக் கடலில் அலைச்சறுக்கு: எந்த மாதம் எந்த உடுப்பு?

லண்டனிலிருந்து லீவில் வந்த மச்சான் திரும்பிப் போகும்போது தன் வெட்சூட்டை (குளிர்க் கடலில் உடம்போடு ஒட்டப் போடும் ரப்பர் உடுப்பு) என்னிடம் விட்டுவிட்டுப் போனார். சும்மா கிடைத்ததை விடுவானேன் என்று ஓர் ஆகஸ்ட் காலையில் அதை மாட்டிக்கொண்டு உப்புவெளிக் கடலில் இறங்கினேன். பலகையில் ஒரு தடவை எழும்பி நிற்பதற்குள் உடம்பு அவிந்து, தலை சுற்றத் தொடங்கிவிட்டது. கரைக்கு வந்து கழட்டிப் பார்த்தால் உள்ளே 4/3 என்று எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் போனதுதான் என் பிழை.

4/3 என்றால் நெஞ்சு, முதுகுப் பகுதியில் 4 மில்லிமீற்றர் தடிப்பில் நியோப்ரீன் என்ற பஞ்சு போன்ற ரப்பர், கை கால்களில் 3. வெட்சூட் தண்ணீரை உள்ளே விடாது என்று பலர் நினைக்கிறார்கள். விடும். உள்ளே போகும் கொஞ்சத் தண்ணீரை உடம்பு சூடாக்குகிறது. நியோப்ரீனுக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன.

சரி, வாங்குவதற்கு முன் கடலை அளந்து பாருங்கள். கையை நம்ப வேண்டாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றில் அள்ளி ஊற்றிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போனவர்களுக்கு இது தெரியும்: முந்தியது சூடாக இருந்தால் அடுத்தது ஆறினது போலத் தோன்றும். இடுப்பளவு ஆழத்துக்குப் போய், வெப்பமானியை முழங்கை முங்கும் வரை இறக்கி, இரண்டு நிமிடம் பிடித்துவிட்டு, வெளியே எடுக்காமலே படியுங்கள். கரையோரத்துத் தண்ணீர் மத்தியான வெயிலில் ஏமாற்றும், காலையில் அளப்பது நல்லது.

இங்கே ஏப்ரல், மே மாதங்களில் கடல் கிட்டத்தட்ட 29, 30 பாகையில் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் 26, 27. வித்தியாசம் அவ்வளவுதான். பிறகு ஏன் மாரியில் நடுங்குகிறோம்? காற்றுதான் காரணம். அலைக்காகப் பலகையில் குந்தியிருக்கும்போது பாதி உடம்பு வெளியே. நனைந்த தோலிலும் துணியிலும் வாடைக்காற்று பட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டு போய்விடுகிறது. மேலே வெயிலும் இல்லை.

ஆகவே மே முதல் செப்டெம்பர் வரை வெட்சூட்டே தேவையில்லை. நீளக் கை லைக்ரா மேற்சட்டையும் அரைக்காற்சட்டையும் போதும். அது குளிருக்கு இல்லை, வெயிலுக்கும் பலகை உரசி நெஞ்சு புண்ணாகாமல் இருக்கவும்தான். அந்த மாதங்களில் வீசும் கச்சான் (கடலை இல்லை, காற்று!) தரையிலிருந்து கடலுக்கு வீசுவது. பலகையோடு ஆளையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும், அதனால் நெஞ்சளவு ஆழத்தைத் தாண்டாதீர்கள்.

வாடைக்காலத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதென்றால் 1 அல்லது 2 மில்லிமீற்றரில் ஒரு மேற்சட்டை எடுக்கலாம். ஆனால் மீன்பிடிக்காரர் தோணி இறக்காத நாளில் நீங்களும் இறங்க வேண்டாம்.

மச்சானின் உடுப்பைக் குறை சொல்லவில்லை. இங்கிலாந்தின் கோர்ன்வால் கடல் மார்ச்சில் 10 பாகைக்குக் கிட்ட நிற்கும். அங்கே 5/4 போட்டு, கைக்கும் காலுக்கும் உறை மாட்டுகிறார்கள். கோடை முடியும்போது 16, 17. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கடலுக்குத்தான் 4/3 சரி.

போட்டுப் பார்க்கும்போது காலில் ஒரு சொப்பிங் பையை மாட்டிக்கொண்டு நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். தோள் இழுத்தால் சின்னது. குனியும்போது இடுப்புக்குப் பின்னால் பை போல ஊதினால் பெரியது; தண்ணீர் வந்து வந்து போகும், சூடு நிற்காது. கொஞ்சம் இறுக்கமாகவே எடுங்கள், ஈரத்தில் தளரும்.

கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில் இடுப்போடு மடித்துக் கொடியில் போடுங்கள். எங்கள் வெயிலில் காயவிட்டால் நியோப்ரீன் விறைத்து வெடித்துவிடும்.