கிளஸ்டர் சர்வர் பூட்டில் டிஸ்க் எரர்: எஃப்எஸ்சிகே ஓட்டும் முன் படியுங்கள்

ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் புதிதாக லினக்ஸ் சர்வர் பார்க்க வந்தவர்களுக்கு இந்தப் பதிவு. பராமரிப்பு மின்தடை முடிந்து சாயந்திரம் எல்லாவற்றையும் ஏற்றுகிறீர்கள். கிளஸ்டரில் (ஒரே டிஸ்க்கைப் பகிர்ந்துகொள்ளும் சர்வர் கூட்டம்) இரண்டாவது நோடின், அதாவது இரண்டாவது சர்வரின், திரையில் 'பஃபர் ஐ/ஓ எரர், எஸ்டிசி, லாஜிக்கல் பிளாக் 0' என்று வரிவரியாக ஓடுகிறது. மேனேஜர் பின்னால் நின்று, "டிஸ்க் போச்சாப்பா?" என்கிறார்.

உடனே எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்து ரிப்பேர் செய்யும் கட்டளை) ஓட்டிவிடாதீர்கள். அதே டிஸ்க்கை முதல் நோட் மவுன்ட் செய்து எழுதிக்கொண்டிருக்கலாம். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற இரண்டு ஃபைல் சிஸ்டங்களும் ஒரு நேரத்தில் ஒரு மெஷினுக்கு மட்டும்தான். இங்கிருந்து நீங்கள் 'ரிப்பேர்' செய்தால் நல்லாயிருக்கிற டேட்டாவும் கெடும்.

படி 1: முதல் நோடில் கிளஸ்டர் நிலையைக் காட்டும் 'பிசிஎஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். சர்வீஸ் அங்கே ஓடுகிறதென்றால் பாதி பயம் போச்சு.

படி 2: எரர் வந்த நோடில் டிமெசெஜ் (கர்னல் லாக்) எடுத்து நிதானமாகப் படியுங்கள். வேலையே இங்குதான்.

'ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்' என்றிருந்தால், அந்த டிஸ்க்கை வேறொரு நோட் பூட்டி வைத்திருக்கிறது. எஸ்ஜி-பெர்சிஸ்ட் கட்டளையை 'ஹைபன் ஆர்' போட்டு ஓட்டினால் பூட்டிய நோடின் கீ (அடையாள எண்) தெரியும். அது முதல் நோடின் கீ என்றால் எல்லாம் சரி. கீயை அழிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

பிளாக் 0 எரர் எஸ்டிசி போன்ற பல டிஸ்க் பெயர்களில் வந்து, பூட் முடிந்ததும் நின்றுவிட்டால், பெரும்பாலும் பாஸிவ் பாத், அதாவது ஸ்டோரேஜுக்குப் போகும் காத்திருப்பு வழி. ஆக்டிவ்-பாஸிவ் ஸ்டோரேஜில் ஒரே லன் (ஸ்டோரேஜ் சர்வருக்குக் கொடுக்கும் டிஸ்க்) இரண்டு கன்ட்ரோலர் வழியாகவும் தெரியும். பாஸிவ் பக்கம் படிக்கப் போனால் எரர்தான் வரும். எல்லா வழிகளின் நிலையையும் பார்க்க 'மல்ட்டிபாத் ஹைபன் எல்எல்' கொடுங்கள். 'கோஸ்ட்' என்றால் பாஸிவ் பாத், பேயெல்லாம் இல்லை. 'ஃபால்ட்டி' என்றால் கேபிள், எஸ்எஃப்பி (கேபிள் செருகும் மாட்யூல்), ஜோனிங் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற ஸ்விட்ச் அமைப்பு) மூன்றையும் பாருங்கள்.

'மீடியம் எரர்' மட்டும் வேறு சமாச்சாரம், டிஸ்க்கிலேயே படிக்க முடியாத இடம் இருக்கலாம். செக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்டோரேஜ் பக்கம் ரெய்டு நிலையைப் பாருங்கள், பேக்கப் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், வென்டருக்கு லாக் அனுப்புங்கள்.

படி 3: பாஸிவ் பாத் சத்தத்தைக் குறைக்க, மல்ட்டிபாத்தும் ஸ்டோரேஜுக்குரிய டிவைஸ் ஹேண்ட்லரும் (அந்த ஸ்டோரேஜைக் கையாளும் கர்னல் மாட்யூல்) இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறிய ஃபைல் தொகுப்பு) இருக்க வேண்டும். ரெட்ஹாட் வகையில் 'டிராகட் ஹைபன் எஃப்' அதைப் புதிதாகக் கட்டும்.

படி 4: பூட் 90 விநாடி அப்படியே நின்று எமர்ஜென்சி மோடுக்குப் போகிறதா? எஃப்எஸ்டேபில் (பூட்டில் எதையெல்லாம் மவுன்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல்) ஷேர்டு டிஸ்க்கின் வரி இருக்கும். எடுத்துவிடுங்கள், அதை மவுன்ட் செய்வது கிளஸ்டரின் வேலை.