பழைய கார் கண்ணாடியைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அம்பாசிடருக்கோ பிரீமியர் பத்மினிக்கோ முழு பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் கண்ணாடிகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கார்புரேட்டரைப் பிரிக்கும்போது காட்டும் பொறுமையில் பாதியைக்கூட இதற்கு யாரும் காட்டுவதில்லை. அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது, பத்மினி அதற்கு வெகு முன்பே. நெளிந்த குரோம் சட்டத்துக்கு மாற்று தேடி அலைபவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

கண்ணாடி, உலோகச் சட்டம், நடுவில் ரப்பர். இந்த மூன்றையும் காப்பாற்றப் பார்ப்பதுதான் முதல் தவறு. பல வருடம் வெயிலில் காய்ந்த ரப்பர் கல் மாதிரி இறுகியிருக்கும். அதை முழுசாக எடுக்க முயன்றால் கண்ணாடி போகும். மூன்றில் மலிவானது ரப்பர்தான், அதை வெட்டிவிடுங்கள். புது பீடிங் (கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை) கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்கினால் வெட்டத் தயக்கமும் வராது.

அடுத்தது, எந்தக் கண்ணாடி என்று பார்க்காமல் கை வைப்பது. மூலையில் உள்ள முத்திரையைப் படியுங்கள். லேமினேட்டட் கண்ணாடி என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். அடிபட்டால் விரிசல் ஓடும், ஆனால் சிதறாது. டஃபன், அதாவது கடினமாக்கப்பட்ட, கண்ணாடியின் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். நடுவில் ஓரளவு அடி தாங்கும். ஆனால் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனி பட்டாலே மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடலாம். பட்டறைகளில் ஸ்க்ரூடிரைவரை ஓரத்தில் செருகி நெம்புவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நெம்ப வேண்டுமானால் மரம் அல்லது பிளாஸ்டிக், அதுவும் ரப்பர் மேல்தான்.

முன் கண்ணாடியை உள்ளே உட்கார்ந்து காலால் உதைத்துத் தள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வளைந்த கண்ணாடி அதில் தப்பினால் அதிர்ஷ்டம். ரப்பருக்குள் பளபளப்புப் பட்டை இருந்தால் அதை முதலில் உருவுங்கள். பிறகு வெளிப்பக்க ரப்பர் உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டு, மேல் மூலையில் இருந்து விரித்த உள்ளங்கையால் மெல்லத் தள்ள வேண்டும். வெளியே வாங்கிக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் வேண்டும். கையுறையும் கண்ணுக்குக் கவசமும் உண்டுதானே?

கதவுக் கண்ணாடிதான் உண்மையில் தலைவலி. அதன் அடி விளிம்பு ஒரு இரும்புச் சேனலுக்குள் (நீளமான பள்ளப் பட்டை) ரப்பரோடு இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் சேனலில் துருவை ஏற்றும், துரு உப்பி கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே கண்ணாடியைப் பிடித்து இழுப்பது தவறு. கண்ணாடியைச் சேனலோடு கதவிலிருந்து வெளியே எடுத்துப் போர்வை மேல் படுக்க வைத்து, சேனலின் இரு பக்கமும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாளும் விடுங்கள். பிறகு மரக்கட்டையை சேனலின் விளிம்பில் வைத்து, இந்த முனையில் ஒரு தட்டு, அந்த முனையில் ஒரு தட்டு என்று சேனலைத்தான் நகர்த்த வேண்டும். பாதி வந்துவிட்டது என்று ஒரே பக்கமாக இழுத்தால் கண்ணாடி கோணலாகி ஓரம் மாட்டிக்கொள்ளும்.

எண்ணெய் வைத்தியம் டஃபன் கண்ணாடிக்கு மட்டும். லேமினேட்டட் கண்ணாடியின் ஓரத்தில் எண்ணெய், பெட்ரோல், தின்னர் எது ஊறினாலும் நடுப் படலம் கெட்டு, ஓரமெல்லாம் பால் போல வெளுத்துவிடக்கூடும். அதற்கு ரப்பரை அறுப்பது ஒன்றே வழி. ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒரே இடத்தில் காட்டாமல் சேனல் நெடுகிலும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் கண்ணாடி வெடிக்கலாம். எண்ணெய் விட்ட இடத்தில் சூடு காட்டவே கூடாது.

சேனலைக் கழற்றும் அவசரத்தில் பலர் மறப்பது அளவு. கண்ணாடியின் முன் ஓரத்தில் இருந்து சேனல் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று குறித்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அது இடம் மாறினால் கண்ணாடி சாய்ந்து ஏறி, பாதியில் சிக்கும். இடது, வலது என்று டேப்பில் எழுதி ஒட்டுவதும் இப்போதே.

கழற்றியதை வெறும் சிமென்ட் தரையில் சாய்த்து வைக்காதீர்கள். அட்டையோ பழைய போர்வையோ போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

அப்புறம் ஒரு வேலை: கழற்றிய கையோடு ஒவ்வொரு கதவுக் கண்ணாடியையும் அட்டையில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். டஃபன் கண்ணாடி உடைந்துவிட்டால் அளவெடுக்க ஒன்றும் மிஞ்சாது. இந்த வண்டிகளின் பக்கக் கண்ணாடி தட்டையானது என்பதால், அட்டை இருந்தால் கண்ணாடிக் கடையில் லேமினேட்டட் ஷீட்டில் வெட்டித் தருவார்கள். வளைந்த முன் கண்ணாடிக்கு அந்த வசதி கிடையாது.